கோழியைத் தூக்குவது எது, கூண்டை எப்படிக் கட்டுவது?

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தோட்டத்து வீடு, சிறுவிடை என்கிற சின்ன உருவ நாட்டுக்கோழிகள் இருபது. இரண்டு மாதத்தில் பாதி போய்விட்டன. மூங்கில் சட்டம் அடித்து, அறுகோணக் கண் வைத்த கோழிவலையைச் சுற்றிக் கட்டிய கூண்டு, மண் தரை. ஒரு நாள் காலையில் இரண்டு கோழி தலையில்லாமல் கூண்டுக்குள்ளேயே கிடந்தன. இன்னொரு நாள் ஒரு கோழி தடயமே இல்லாமல் காணோம். குஞ்சுகள் பட்டப்பகலில் குறைகின்றன. ராத்திரியில் கீரி வருகிறது என்கிறார் அப்பா. விஷம் வைக்கலாமா, கரண்ட் கம்பி இழுக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறதாம். அதிகச் செலவில்லாமல் பத்திரமான கூண்டு கட்ட வழி கேட்கிறார்.

முதலில் விஷத்தையும் கரண்டையும் முடித்துவிடுகிறேன். இரண்டும் வேண்டாம் தம்பி. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் பயிருக்குக் காவலாக இழுத்த கள்ளத்தனமான மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பின. கம்பி இழுத்தவர் கைதானார். யானை வராத ஊராக இருந்தாலும் அந்தக் கம்பியை மிதிக்கப் போவது உங்கள் மாடு, அல்லது விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற ஆள். விஷமும் அப்படித்தான். வைத்த இடத்தில் நிற்காது. அதைத் தின்ற எலியை உங்கள் நாய் தின்னும், தானியத்தில் கலந்தால் மயில் தின்னும். கீரி, மரநாய், காட்டுப்பூனை, நரி, உடும்பு, மயில், சாரைப்பாம்பு எல்லாமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. சுருக்கு வைப்பதும் நாட்டுவெடி வைப்பதும் அதே குற்றத்தில்தான் சேரும். சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் கணக்கு உதைக்கும். ஒரு மரநாயைக் கொன்றால் அந்த இடத்துக்கு அடுத்தது வரும். கூண்டில் ஓட்டை இருக்கிறவரை வந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது இன்றைக்கு ராத்திரி. ஒருமுறை கோழி கிடைத்த இடத்துக்கு அந்த விலங்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ திரும்ப வரும். புதுக் கூண்டு தயாராகும்வரை மிச்சமிருக்கும் கோழிகளைப் பழைய கூண்டில் அடைக்காதீர்கள். திண்ணையில் சிமெண்ட் தரை இருந்தால் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே அம்மிக்கல்லோ இரண்டு செங்கல்லோ பாரம் வையுங்கள். கதவுள்ள மோட்டார் ரூம் இருந்தால் இன்னும் நல்லது, கதவுக்கடியில் சந்து இருந்தால் ஒரு பலகையை வைத்து அடைத்துவிடுங்கள். நாறும்தான், வீட்டில் திட்டும் விழும். ஒரு வாரத்துக்குப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி யார் வந்தது என்ற விசாரணை. அப்பா சொல்வதை மறுக்க வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். கீரி பகலில் திரிகிற பிராணி. வெயில் ஏறியபின் வேலியோரம், கரையோரம் மேய்ந்துவிட்டுப் பொழுது சாய்ந்தால் வளைக்குள் போய்விடும். நடுராத்திரியில் கூண்டுக்குள் புகுந்தது கீரியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நம் பக்கம் ராத்திரித் திருட்டில் முதல் சந்தேகம் மரநாய் மேல் வைக்க வேண்டும். ஓட்டுக்கூரையிலும் மாமரத்திலும் பகலெல்லாம் தூங்கிவிட்டு இருட்டினபிறகு இறங்கும். மரமேறி, கூரையேறி. அடுத்து புனுகுப்பூனை, அது பெரும்பாலும் தரையில் வரும். அப்புறம் காட்டுப்பூனை, நரி. இவை அந்தி மயங்கும் நேரத்திலும் விடியற்காலையிலும் அதிகம் நடமாடும். நேரத்தைச் சரியாகப் பிடித்துவிட்டாலே பாதி விடை வந்துவிடும். கோழி எப்போது போயிற்று, நீங்கள் எப்போது கவனித்தீர்கள் என்பதைத் தனித்தனியாக யோசியுங்கள். காலை ஏழு மணிக்குத் திறந்துவிட்டு ஒன்பது மணிக்கு எண்ணிப் பார்த்துவிட்டு, ராத்திரி போயிற்று என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

தலையில்லாத கோழி விஷயத்தில் பெரும்பாலும் எந்த விலங்கும் கூண்டுக்குள் நுழைந்திருக்காது. கோழி வலையை ஒட்டித் தூங்கும். வெளியே நிற்கிற மரநாயோ பூனையோ வலைக்கண் வழியாகக் கையை விட்டுக் கழுத்தைப் பிடித்து இழுக்கும். உடம்பு கண்ணுக்குள் வராது, தலை வந்துவிடும். அதனால்தான் உடல் உள்ளேயே கிடக்கிறது, வலையும் கிழியவில்லை, கதவும் மூடியபடி இருக்கிறது. வீட்டில் இதைப் பேய் பிசாசு என்று சொல்லாமல் கீரி என்று சொன்னார்களே, அதுவரை சந்தோஷம்.

பல கோழிகள் கழுத்தில் கடிபட்டுச் செத்துத் தின்னாமல் கிடந்தால், அடைபட்ட இடத்தில் கோழிகள் படபடக்கும்போது வெறி கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கடித்த வேலை. ராத்திரியென்றால் மரநாய் வகை, பகலென்றால் கீரி. இறகு தோட்டமெங்கும் சிதறி, உடல் எச்சில் பட்டுக் குதறிக் கிடந்தால் நாய். தெருநாய் பெரும்பாலும் பசிக்காகக் கொல்வதில்லை, ஓடுகிறதைத் துரத்துகிறது. ஒரு பிடி இறகு மட்டும் வேலியோரம் கிடந்து கோழி முழுசாகப் போயிருந்தால் நரியோ காட்டுப்பூனையோ கவ்விக்கொண்டு போனது. குஞ்சு செத்து, தலையும் தோளும் மட்டும் நனைந்து ஒட்டிப்போய்க் கிடந்தால் பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் துப்பியது. முட்டை ஓடுகூட இல்லாமல் காணாமல் போனால் பாம்பு அல்லது உடும்பு. ஓடு உடைந்து கிடந்தால் கீரி, காக்காய், எலி, சில சமயம் உங்கள் கோழியே. குஞ்சின் காலையோ வயிற்றையோ கடித்துத் தின்றிருந்தால் பெருச்சாளி.

தடம் பார்க்க எளிய வழி ஒன்று. சாயங்காலம் கூண்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு மண்ணைப் பெருக்கிச் சமமாக்கி, சலித்த அடுப்புச் சாம்பலையோ கோலமாவையோ மெல்லிசாகத் தூவுங்கள். காலையில் கோழியைத் திறந்துவிடும் முன்பே பாருங்கள். வட்டத் தடம், நான்கு விரல், நகம் பதியவில்லை என்றால் பூனை. நான்கு விரலோடு நகமும் பதிந்திருந்தால் நாய் அல்லது நரி. ஐந்து விரல் தெரிந்தால் மரநாய் வகை, வெயில் ஏறியபின் பதிந்ததென்றால் கீரி. வளைந்து இழுத்த கோடு பாம்பு. காமிரா வைக்க வசதி இருந்தால் வையுங்கள், ஆனால் முதல் நாளே சாம்பல் பதில் சொல்லிவிடும்.

இன்னொன்றையும் விசாரணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். காயமே இல்லாமல் கோழி செத்துக் கிடந்தால், அல்லது செத்தபிறகு எலி கடித்த மாதிரி இருந்தால், அது வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழிக்கழிச்சல் நோயாக இருக்கலாம். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, தலை தொங்கி, வரிசையாக விழும். அதற்குக் கூண்டு மருந்தில்லை, தடுப்பூசிதான். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் முகாமில் போடுவார்கள். உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சரி, கூண்டுக்கு வருவோம். கையில் இருக்கிற பணத்தில் பெரும்பங்கை வலை, கதவு, தரை இந்த மூன்றிலும் போடுங்கள். பலரும் கூரைக்கும் பெயிண்டுக்கும் செலவழித்துவிட்டு வலையில் மிச்சம் பிடிக்கிறார்கள். கோழிவலை என்று கடையில் விற்கிற அறுகோண வலை கோழியை வெளியே விடாமல் வைக்க மட்டுமே உதவும். மெல்லிய கம்பியை முறுக்கிப் பின்னியது அது. நாய் பல்லால் இழுத்தால் பிரியும், இரண்டு மழைக்காலம் போனால் துருப்பிடித்துக் கையாலேயே ஒடிக்கலாம். பகலில் குஞ்சுகளை ஒதுக்கி மறிக்க அதை வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரிக் கூண்டுக்கு வேண்டாம்.

ராத்திரிக் கூண்டுக்கு வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்றவைத்த சதுரக் கண் வலை, அரை அங்குலக் கண். கடையில் கேஜ் கேட்பார்கள். எண் குறையக் குறைய கம்பி தடிமன் கூடும். அரை அங்குலக் கண்ணில் 16 அல்லது 18 கேஜ் போதும், 20-க்கு மேல் உள்ளது இந்த வேலைக்கு மெல்லிசு. முலாம் பூசிய ஜி.ஐ. கம்பியாகப் பாருங்கள். ஒரு அங்குலக் கண் போதாதா, விலை குறைவாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஒரு அங்குலத்தில் எலி நுழையும், நடுத்தரப் பாம்பு நுழையும், விலங்கின் விரலும் நகமும் நுழையும். பாம்பு உள்ளே போய்க் குஞ்சை விழுங்கிவிட்டு, வயிறு பெருத்து வெளியே வரமுடியாமல் காலையில் கோழிகளோடு சுருண்டு கிடப்பதும் உண்டு. முட்டை எடுக்கக் கையை விடுகிறவருக்கு அது நல்ல விடியலாக இருக்காது. அரை அங்குலத்துக்குள் நுழைகிற அளவு சின்னப் பாம்பால் குஞ்சை விழுங்க முடியாது.

விலையைக் குறைக்க வலையின் தரத்தைக் குறைக்காமல் வலையின் பரப்பைக் குறைக்கலாம். இதில் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஒரு வசதி உண்டு. கல் மலிவு. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் அறுக்கிற இடங்களில் ஓரத்துண்டுகள் கிடைக்கும், வேலிக்கு நடுகிற கல்தூண் எங்கும் கிடைக்கும். மூன்று பக்கம் இரண்டடி உயரத்துக்குக் கற்பலகையை நிறுத்தியோ, சைஸ் கல்லோ ஹாலோ பிளாக்கோ வைத்துக் கட்டியோ சுவரெழுப்புங்கள். அதற்கு மேல்தான் வலை. மூங்கிலுக்குப் பதில் நான்கு மூலையிலும் கல்தூண் நட்டால் கரையானுக்கு வேலையில்லை. கல் வெயிலில் சுடும், அதனால் மரநிழலில் அல்லது வீட்டின் கிழக்குப் பக்கம் இடம் பாருங்கள். நிழலுக்காக மரத்தடியில் வைத்தால் கிளை கூரைமேல் சாயக்கூடாது. குறைந்தது ஆறடி இடைவெளிக்குக் கிளையைக் கழித்துவிடுங்கள். கிளை மரநாய்க்குப் படிக்கட்டு.

வலையைச் சட்டத்தில் ஆணியை வளைத்து அடிப்பது வீண். கட்டுக்கம்பியால் அங்கங்கே முடிவதும் அப்படித்தான். விலங்கு வலையைக் கிழிப்பதில்லை, ஓரத்தை நெம்பும். மரச்சட்டமென்றால் வலையின் விளிம்புமேல் ஒரு மரப்பட்டியை வைத்து, வாஷர் போட்டு ஸ்குரு முடுக்குங்கள், அரையடிக்கு ஒன்று. இரும்பு ஆங்கிள் சட்டமென்றால் வெல்டிங் பட்டறையில் சொல்லி வலைமேல் பட்டைக் கம்பி வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். பற்றவைத்த இடத்தில் முலாம் எரிந்துபோகும், அங்கே மட்டும் பெயிண்ட் அடிக்க மறக்கக்கூடாது, துரு அங்கிருந்துதான் தொடங்கும். வலை சட்டத்துக்கு வெளிப்பக்கம் இருக்கட்டும். வெளியிலிருந்து தள்ளும்போது சட்டத்தில் முட்டும்.

தரைதான் உங்கள் கூண்டின் பெரிய குறை. மண் தரையில் நாயும் நரியும் பத்து நிமிடத்தில் குழி பறித்துவிடும், பெருச்சாளி அடியிலேயே வளை வைத்துக் குடியிருக்கும். மூன்று வழி இருக்கிறது. முதலாவது, ஜல்லி கொட்டி இரண்டு அங்குலம் கான்கிரீட், அல்லது கற்பலகையைப் பதித்து இடுக்குகளைச் சிமெண்ட் பூசுவது. இது ஒருமுறைச் செலவு. மேலே நெல் உமியோ நிலக்கடலைத் தோலோ மூன்று அங்குலம் பரப்பினால் கழுவ வேண்டிய அவசியமே இராது, வாரத்தில் இரண்டு நாள் கிளறிவிட்டால் போதும், பிறகு எருவாகும். பூஞ்சை பிடித்த கடலைத் தோல் மட்டும் வேண்டாம்.

இரண்டாவது, மண் தரையை அப்படியே விட்டுவிட்டு, வெளியே சுற்றிலும் வலையால் பாவாடை கட்டுவது. சுவரடியில் ஒரு அடி ஆழம் தோண்டி வலையைப் புதைக்கச் சொல்வார்கள். செம்மண் நிலத்தில் அது நடக்கும். நம் பக்கம் ஒரு அடி தோண்டினால் பாறை இடிக்கிற நிலம்தான் அதிகம். அங்கே தோண்டவே வேண்டாம். ஒன்றரை அடி அகல வலையைச் சுவரடியோடு சேர்த்துக் கட்டி, வெளிப்பக்கமாகத் தரையோடு தரையாக விரித்து, மேலே கல்லையும் மண்ணையும் போட்டு மூடுங்கள். தோண்டுகிற விலங்கு சுவர் ஓரத்தில்தான் பறிக்கும், ஒன்றரை அடி தள்ளிப் பறிக்கத் தோன்றாது. கீழே கம்பி இடித்ததும் விட்டுவிடும். புல் முளைத்துவிட்டால் வலை இருப்பதே தெரியாது. ஆனால் இது எலிக்கும் பெருச்சாளிக்கும் முழுத் தடையல்ல.

மூன்றாவது, மூன்றடி உயரக் கால்மேல் கூண்டு. தண்ணீர் தேங்குகிற இடத்துக்கு இது ஒன்றுதான் சரி. தரைக்கு அரை அங்குல வலை போட்டு, எச்சம் கீழே விழும்படி விடலாம். ஆனால் வலைமேல் மட்டும் நிற்கவைத்தால் பெரிய உருவ நாட்டுக்கோழியான பெருவிடைக்குக் கால் புண்ணாகும். பாதிக்குப் பலகை போடுங்கள். கால்களில் ஒன்றரையடி அகலத்துக்கு வழவழப்பான தகரம் சுற்றினால் எலியும் மரநாயும் ஏற முடியாது. கோழி ஏறுகிற சாய்வுப் பலகையை ராத்திரியில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தகரம் சுற்றியதற்கு அர்த்தமில்லை. வீட்டுச் சுவரை ஒட்டி வைத்தாலும் அதே கதை, சுவர் வழியாக வந்துவிடும்.

அளவைச் சொல்கிறேன். பகலில் மேய்ந்து ராத்திரியில் மட்டும் அடைகிற சிறுவிடைக்குத் தலைக்கு ஒரு சதுர அடி போதும். ஆறடிக்கு நாலடி கூண்டு இருபது, இருபத்துநாலு கோழிக்குத் தாங்கும். பெருவிடையென்றால் பதினைந்தோடு நிறுத்துங்கள். உள்ளே மூன்று உட்காருகோல் போடுங்கள், இரண்டங்குலம் தடிமனில், முனை மழுங்க இழைத்தது. கோழிக்கு எட்டு அங்குலம் என்று கணக்குப் போட்டால் ஆறடிக் கோலில் ஒன்பது கோழி அமரும். எல்லாக் கோலும் ஒரே உயரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் மேல்கோலுக்குச் சண்டை நடக்கும். முக்கியமாக, எந்தக் கோலும் வலையிலிருந்து ஒரு அடிக்குக் கிட்டத்தில் இருக்கக்கூடாது. தலை பறிபோகிற பிரச்சினைக்கு அரை அங்குல வலையோடு சேர்த்து இதுதான் மருந்து.

காற்று வழி வேண்டும். பயத்தில் நாலு பக்கமும் தகரம் அடித்து மூடியவர்கள் ஏப்ரல், மே மாதத்தில் கோழியை வெக்கையில் இழக்கிறார்கள், அதையும் மரநாய் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கூரைக்கடியில் ஒரு அடி உயரத்துக்காவது சுற்றிலும் வலை திறந்திருக்கட்டும். எச்சத்திலிருந்து வருகிற காரவாடை மேலே எழும்பி வெளியேற அதுதான் வழி. கூரை தகரமென்றால் மேலே தென்னங்கீற்றோ ராகித் தட்டோ பரப்புங்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடுக்கைப் பலர் மறந்துவிடுவார்கள். நெளித் தகரத்தின் வளைவுக்கடியில் இரண்டு விரல் சந்து இருக்கும், மரநாய்க்கு அது போதாது, எலிக்குத் தாராளம். வலைத்துண்டைச் சுருட்டித் திணித்துச் சிமெண்ட் பூசுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமென்றால் மார்கழிக் குளிருக்குக் காற்று வீசும் பக்கம் மட்டும் சாக்குத் திரை. பென்னாகரத்தில் அவ்வளவு தேவைப்படாது.

கதவு. வெறும் கொண்டியை நாய் மூக்கால் தள்ளித் திறந்துவிடும், கயிறு கட்டினால் எலி கடிக்கும். மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள். கீல் தளர்ந்து கதவு சாய்ந்தால் கீழே ஒரு மூலையில் சந்து விழும், அதையும் அரை அங்குலத்துக்குள் வையுங்கள். வாசல்படியில் ஒரு பட்டைக் கல் பதித்தால் கதவு அதில் முட்டி நிற்கும். மேல் தாழ்ப்பாளுக்குப் பூட்டும் போடுங்கள். ஆடிப் பதினெட்டு நெருங்கும்போது நடமாடுகிற ஆசாமிகளுக்கு அரை அங்குல வலையெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

எவ்வளவு நல்ல கூண்டாக இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் அடைத்தால்தான் உண்டு. நாட்டுக்கோழிக்கு முருங்கையிலும் புளியமரத்திலும் அடைவதுதான் இஷ்டம். உயரத்தில் பத்திரமாக இருக்கிறது என்று விடாதீர்கள், மரமேறுகிற விலங்குக்குத் தூங்குகிற கோழி கையில் கிடைத்த மாதிரி. புதுக் கூண்டு தயாரானதும் ஒரு வாரம் உள்ளேயே வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுங்கள். வீடு இதுதான் என்று பதிந்துவிடும். அப்புறம் திறந்துவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் கூண்டுக்குள் ஒரு கைப்பிடி கம்போ ராகியோ போட்டுக் கூப்பிட்டால் தானாக வரும். வராத ஒன்றிரண்டை இருட்டியபின் மரத்திலிருந்து பிடித்து உள்ளே விடுங்கள், சில நாளில் வழிக்கு வந்துவிடும். அடைக்கும்போது எண்ணுங்கள். காலையில் திறப்பதையும் நன்றாக விடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். நரி வீடு திரும்புகிற நேரத்தில் கோழி வெளியே நிற்கக்கூடாது.

பகலில் போகிற குஞ்சுக்குக் கூண்டு பதிலாகாது. அங்கே எதிரி மேலிருந்து வருகிறது. பருந்து, வைரி, காக்காய். காக்காயைச் சின்னதாக நினைக்காதீர்கள், முதல் இரண்டு வாரத்துக் குஞ்சுகளை அதுவே அதிகம் தூக்கும். வைரி மரக்கிளையில் மறைந்திருந்து நேராகப் பாயும். தாய்க்கோழி சண்டை போடும், ஆனால் எட்டு பத்துக் குஞ்சு சிதறி மேயும்போது அதனால் என்ன செய்ய முடியும். பொரித்து ஒரு மாதம், முடிந்தால் ஆறு வாரம், தாயையும் குஞ்சுகளையும் மேலே மூடிய அடைப்பில் வையுங்கள். இங்கே உங்கள் பழைய கோழிவலை உபயோகப்படும். பக்கத்துக்கு அது, மேலே நைலான் வலை. பக்கவலையின் கீழ் ஒரு அடிக்கு அரை அங்குல வெல்டு மெஷ் வைத்தால் கீரியின் வாலாட்டமும் அடங்கும்.

பெரிய கோழிகளுக்கு மேயும் இடத்தில் ஒளிய இடம் வேண்டும். வெட்டவெளியில் மேய்வதைத்தான் பருந்து குறிவைக்கும். மாந்தோப்பு நிழல் இதற்கு அருமையான இடம். மரமில்லாத இடத்தில் அவரைப் பந்தலோ சுரைப் பந்தலோ போடுங்கள், காயும் கிடைக்கும், கூரையும் ஆயிற்று. ஒரு நல்ல சேவல் இருந்தால் வானத்தைப் பார்த்துக் குரல் கொடுக்கும், எல்லாம் பந்தலுக்கடியில் ஓடிவிடும். கினிக்கோழி இரண்டு வளர்ப்பவர்கள் உண்டு. அந்நிய அசைவு எதுவானாலும் ஊரைக் கூட்டும், பக்கத்து வீட்டுக்காரர் பொறுமைசாலியாக இருந்தால் வளர்க்கலாம். பளபளக்கிற சிடி, பொம்மை, மினுக்கும் சோலார் விளக்கு இவையெல்லாம் சில நாள் வேடிக்கை. பழகியபிறகு பருந்து அதன்மேலேயே உட்காரும். மரநாய்க்கும் விளக்கு பழகிவிடும்.

பாம்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே போவது கோழி மட்டுமல்ல. பாம்பு கோழிக்காக வருவதைவிட எலிக்காக வருவது அதிகம். எலி தீனிக்காக வருகிறது. ஆகவே தீவனத்தைச் சாக்கில் வைக்காதீர்கள், மூடியுள்ள தகர டிரம்மில் வையுங்கள். சிந்தின தானியத்தைச் சாயங்காலமே பெருக்கி எடுங்கள். முட்டையைக் காலையும் மாலையும் எடுத்துவிடுங்கள். கூண்டைச் சுற்றிப் பத்தடிக்கு விறகு அட்டி, கல் குவியல், ஓலைக் குப்பை எதுவும் இருக்கக்கூடாது. வெங்காயம், பூண்டு, பினாயில், கார்பாலிக் ஆசிட் தெளித்தால் பாம்பு வராது என்பதை நம்பிப் படுக்காதீர்கள், அது கூண்டின் ஓட்டையை அடைக்காது. முட்டைப் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் கையை விடக்கூடாது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் முட்டை எடுக்கிற பழக்கம் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். நல்ல பாம்போ கண்ணாடிவிரியனோ கூண்டில் இருந்தால் தடியெடுக்காமல் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாய்வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனை. நைலான் வலையைத் தரையில் தொங்கவிட்டால் அதிலும் பாம்பு சிக்கும், தரையிலிருந்து ஒரு அடி மேலேயே நிறுத்துங்கள்.

உங்கள் பக்கம் காடு அருகில் என்பதால் சிறுத்தையைப் பற்றியும் கேட்க நினைத்திருப்பீர்கள். காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் நம் இரண்டு மாவட்டத்தின் மலையோரத்தில் இருக்கின்றன, தெற்கு 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய ஊர்களில் சிறுத்தை நடமாட்டம் புதிதல்ல. ஆனால் அதன் கண் ஆட்டின்மேலும் நாயின்மேலும். கோழிக்காக இந்தக் கூண்டை உடைக்க மெனக்கெடுவது அபூர்வம். கூண்டு வீட்டை ஒட்டி இருப்பதும் சுற்றிலும் புதரில்லாமல் இருப்பதும் போதும். பெரிய தடம் பார்த்தால், நாய் காணாமல் போனால், ராத்திரியில் தனியாகக் கூண்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டு வனத்துறைக்குத் தெரிவியுங்கள். செத்த கோழியையும் கழிவையும் வேலிக்கு அப்பால் வீசுகிற பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. நாயையும் நரியையும் வாசலுக்குக் கூப்பிடுகிற வேலை அது. இரண்டு மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள்.

கட்டுவதற்கு முன் யாரிடமாவது காட்டிக் கேட்க வேண்டுமென்றால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஓசூர் மத்திகிரியில் கோழியினத்துக்கென்றே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி உண்டு. அங்கே கொட்டகை அமைப்பை நேரில் பார்த்துவிட்டு வரலாம். பெரிய பண்ணைக்கான அளவுகளை அப்படியே உங்கள் இருபது கோழிக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு விவரம் நீங்கள் எழுதவில்லை. கூண்டு இருக்கிற இடம் மேடா பள்ளமா, ஐப்பசி மழைக்குத் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது? தண்ணீர் நிற்காத மேடென்றால் கற்பலகைத் தரையே போதும், உயரக் கால் செலவு மிச்சம். அதைப் பார்த்துச் சொல்லுங்கள், இரண்டு மூன்று நாள் சாம்பலில் விழுந்த தடத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். வலை எத்தனை அடி வாங்குவது என்பதை அப்புறம் கணக்குப் போடலாம்.